எட்டுச் சாமான் கொண்ட தேனீப் பெட்டித் தொகுதி: யாழ்ப்பாணத்து வளவுக்குச் சரிவருமா?

வலிகாமத்துத் தச்சுப் பட்டறை ஒன்று தேனீப் பெட்டியைத் தனியாக விற்காமல் தொகுதியாக விற்கிறது. பெட்டி, தாங்கி, புகைக்குடுவை, முகவலை, கையுறை, கத்தி, மெழுகுத் தாள் பத்து, கைநூல் ஒன்று என எட்டுச் சாமான். மேலதிகமாகக் காசு கட்டினால் தேன் பிரிக்கும் இயந்திரமும் தேனீக் கூட்டமும் கிடைக்கும். பலகை விலையோடு தொகுதியின் விலையும் மாதத்துக்கு மாதம் மாறுவதால் விலையை இங்கே எழுதவில்லை. எது காசுக்குத் தகும், எது தகாது என்பதையே பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெட்டி நல்லது. தாங்கி நல்லது, ஆனால் எறும்புக் கிண்ணத்தில் கவனம் வேண்டும். தேன்வதை கட்டுவதற்கான மரச் சட்டங்களைத் திருத்தாமல் தேனீக் கூட்டத்தைக் குடியேற்றக் கூடாது. மெழுகுத் தாள் நம் தேனீக்கு உரியதே அல்ல. கைநூலை நம்பினால் முதல் மாரியிலேயே பெட்டி வெறுமையாகிவிடும்.

பெட்டியில் இருந்து தொடங்குவோம். நன்கு காய்ந்த மகோகனிப் பலகை, தடிப்பு 22 மில்லிமீற்றர். மூலைகளைப் பொருத்து வெட்டிப் பசையிட்டுத் திருகாணி முடுக்கியிருக்கிறார்கள். வெறும் ஆணி அடித்த பெட்டிகள் ஒரு மாரியும் ஒரு கோடையும் கண்டதும் மூலையில் வாய் பிளக்கும். அந்தப் பிளவுக்குள் எறும்பும் மெழுகு அந்தும் நுழையும். இதில் அந்தப் பயம் குறைவு. உள்பக்கம் எந்தப் பூச்சும் இல்லாமல் வெறும் பலகையாக விட்டிருப்பது மிகச் சரி. வெளிப்பக்கத்து வெளிர் நிற வண்ணம் வெயிலைத் தாங்க உதவும், ஆனால் வாசம் போகப் பெட்டியை இரண்டு மூன்று கிழமை நிழலில் காற்றாட வைக்க வேண்டும். பிறகு பழைய வதை மெழுகைக் கொஞ்சம் உருக்கி உட்சுவரில் தேய்த்துவிட்டால் புதிய கூட்டம் தங்குவதற்கு வாய்ப்பு அதிகம்.

அடிப்பலகையைக் கழற்றி எடுக்கும்படி செய்திருக்கிறார்கள். பெட்டியைப் பார்க்க வருபவர் பெரும்பாலும் கவனிக்காத இடம் இது, ஆனால் நீண்ட காலத்துக்கு இதுதான் முக்கியம். வதையில் இருந்து உதிரும் மெழுகுத் தூளும் மகரந்தக் குப்பையும் அடிப்பலகையில் சேரும். மெழுகு அந்தின் புழு அந்தக் குப்பையில்தான் முதலில் வளரும். பத்து நாளுக்கு ஒரு தடவை பலகையைக் கழற்றித் தட்டிச் சுரண்டினால் அந்துத் தொல்லையில் பெரும்பங்கு அங்கேயே தீர்ந்துவிடும். ஆணி அடித்து மூடிய அடிப்பலகை உள்ள பெட்டியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

குறை மூடியில் இருக்கிறது. மூடியின் மேல் தகரம் அடித்திருக்கிறார்கள். மழைக்கு அது நல்லது, ஆனால் சித்திரை வெயிலில் தகரத்தின் கீழே அடுப்பு மாதிரிச் சூடு ஏறும். புழு வளரும் வதையைத் தேனீக்கள் 33 முதல் 35 பாகை செல்சியஸுக்குள் வைத்திருக்கப் பாடுபடுகின்றன. வெளியே சூடு ஏற ஏற, பூவுக்குப் போக வேண்டிய தேனீக்கள் தண்ணீர் சுமக்கவும் இறகால் விசிறவும் நின்றுவிடும். புது வதை சூட்டில் இளகித் தேனோடு அறுந்து விழுவதும் உண்டு. தகரத்தின் மேல் இரண்டு கிடுகைப் பரப்பி ஒரு கல்லைப் பாரம் வைத்தால் போதும். செலவில்லாத வேலை, தவறாமல் செய்ய வேண்டிய வேலை.

சட்டங்கள்தான் இந்தத் தொகுதியின் உயிர்நிலை, குறையும் இங்கேதான் அதிகம். பெட்டி நியூட்டன் வகையைச் சேர்ந்தது. 1910களில் தென்னிந்தியாவில் நியூட்டன் பாதிரியார் நாட்டுத் தேனீக்கென்று அமைத்த சிறிய பெட்டி அது. புழு அறையில் ஏழு சட்டம், மேலே தேன் அறையில் உயரம் பாதிக்கும் சற்றுக் குறைந்த ஏழு சட்டம். நம் பனம் பொந்திலும் கிணற்றுச் சுவரிலும் குடியிருக்கும் நாட்டுத் தேனீக்கு (அடுக்குத் தேனீ என்பதும் இதுவே) இந்த அளவு பொருந்தும். இலங்கையில் வளர்ப்பது இந்தத் தேனீயைத்தான். இன்ரர்நெற்றில் கிடைக்கும் பெட்டி வரைபடங்களோ பெரும்பாலும் ஐரோப்பியத் தேனீக்கு உரியவை. அந்தத் தேனீ உருவில் பெரியது, வதைகளுக்கு இடையே விடும் தூரமும் கூட.

இந்தத் தொகுதியில் நடந்திருப்பதும் அதுவே. பெட்டியின் வெளி அளவு நியூட்டனுடையது. சட்டங்களை நிறுத்தும் இடைவெளி வேறெங்கோ பார்த்து எடுத்தது. நம் தேனீ ஒரு வதையின் நடுவில் இருந்து அடுத்த வதையின் நடுவுக்கு ஏறத்தாழ 31, 32 மில்லிமீற்றர் விடும். மேற்சட்டம் 22 மில்லிமீற்றர் அகலம் என்றால் இரண்டு சட்டங்களுக்கு நடுவே 9 மில்லிமீற்றர் வெளி வரும். இந்தத் தொகுதியின் சட்டங்களை நடுவில் இருந்து நடுவுக்கு அளந்தால் 35 வருகிறது. மூன்று நான்கு மில்லிமீற்றரில் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். 1851இல் அமெரிக்காவின் லாங்ஸ்ட்ரொத் பாதிரியார் கண்டுபிடித்ததே இந்தச் சிறு வெளியின் கணக்குத்தான்: தேனீ நடமாடத் தேவையான அளவுக்கு மட்டும் வெளி இருந்தால் அதை வழியாக விட்டு வைக்கும், கூடினால் அதில் வதை கட்டும், குறைந்தால் பிசினால் அடைத்துவிடும். கழற்றி மாட்டும் சட்டம் என்ற முழு ஏற்பாடும் இந்த ஒரு குணத்தின் மேல் நிற்கிறது. இடைவெளி கூடிய பெட்டியில் தேனீக்கள் இரண்டு சட்டங்களை இணைத்துக் குறுக்கு வதை கட்டிவிடும். ஒரு சட்டத்தைத் தூக்கினால் இரண்டு வதை கிழியும், புழுவும் தேனும் ஒழுகும், ராணி நசுங்கும். நாட்டுத் தேனீ அப்படிக் குழம்பிய பெட்டியில் இருக்காது. விட்டுவிட்டுப் போய்விடும். “தேனீ ஓடிப்போச்சு” என்று வரும் முறைப்பாடுகள் பலவற்றின் அடியில் இந்த மூன்று மில்லிமீற்றர் கிடக்கிறது.

திருத்துவது கடினமல்ல. சட்டத்தின் இரு தோள்களிலும் இருக்கும் இடைவெளிக் கட்டையைச் சீவுளியால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் சீவினால் 31, 32க்கு வந்துவிடும். ஏழையும் நெருக்கி வைத்ததும் ஓரத்தில் மிஞ்சும் வெளியை மெல்லிய பலகைத் துண்டால் நிரப்புங்கள்; அங்கே வெளி விட்டால் எட்டாவது வதையைச் சுவரோடு ஒட்டிக் கட்டும். அடுத்து, சட்டத்துக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே, புழு அறைச் சட்டத்தின் மேலுக்கும் தேன் அறைச் சட்டத்தின் அடிக்கும் நடுவே உள்ள வெளியைப் பாருங்கள். அளவுகோல் இல்லாவிட்டால் ஒரு பென்சில் போதும். சாதாரண பென்சில் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் தடிப்பு. பென்சில் நுழைய வேண்டும், சுண்டுவிரல் நுழையக் கூடாது. இந்தத் தொகுதியில் பக்கச் சுவர் இந்தச் சோதனையில் தேறுகிறது. இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள வெளியில் சுண்டுவிரல் தாராளமாகப் போகிறது. தேன் அறையின் அடி விளிம்பை ஓடாவியாரிடம் கொடுத்துச் சீவி எடுப்பதே வழி.

மெழுகுத் தாளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அதில் அச்சிட்ட அறுகோண அறைகள் பத்தை வரிசையாக அளந்தால் 54 மில்லிமீற்றர். அது ஐரோப்பியத் தேனீயின் அளவு. நம் தேனீயின் வேலைக்கார அறை பத்து, 5 சென்ரிமீற்றருக்குள் அடங்கும். பெரிய அச்சில் கட்ட வைத்தால் அவை தாளைக் கடித்துக் கொட்டும், அல்லது கோணல்மாணலாகக் கட்டும். பத்துத் தாளையும் உருக்கி, மேற்சட்டத்தின் அடிப்பக்க நடுவில் விரல் நுனி அகலத்துக்கு ஒரு கோடு பூசுங்கள். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தேனீக்கள் தாமே நேராகக் கட்டிவிடும்.

தாங்கி நாலு கால் இரும்பு. கூட்டம் பெருத்துத் தேன் அறையும் நிறைந்தாலும் ஆடாது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் தண்ணீர் விடச் சொல்கிறது கைநூல். யாழ்ப்பாணத்தில் அதைச் செய்யாதீர்கள். வற்றாமல் நிற்கும் தண்ணீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டில். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வழக்குப் போட்டால் பிழை உங்களுடையதுதான். கராச்சில் கிடைக்கும் கழிவு ஒயிலைக் கால்வாசிக்கு ஊற்றுங்கள், அல்லது காலைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு கிறீஸ் பூசுங்கள். தூசி படிந்து கிறீஸ் காய்ந்துவிட்டால் எறும்பு அதன் மேலாலேயே நடக்கும், ஆகவே மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். ஒரு புல்லோ மாங்கொப்போ பெட்டியில் முட்டிக்கொண்டு நின்றால் கிண்ணத்தால் பயனில்லை. முசுறு அந்தப் பாலத்தாலே வந்து ஒரே இரவில் கூட்டத்தைக் கலைத்துவிடும்.

பெட்டியை எங்கே, எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்பதில் கைநூல் “கிழக்கு நோக்கி” என்று மட்டும் சொல்கிறது. காலை வெயில் வாசலில் விழுந்தால் தேனீ சீக்கிரம் வேலைக்குப் போகும், அது சரி. ஆனால் வாடைக் காற்று மழையையும் கொண்டு வடகிழக்கில் இருந்து அடிக்கும் ஊர் இது. திறந்த வெளியில் கிழக்குப் பார்த்த வாசலுக்குள் ஐப்பசி, கார்த்திகைச் சாரல் நேரே இறங்கும். தென்கிழக்கு நோக்கி வைத்து, வடக்குப் பக்கம் மதிலோ கிடுகு வேலியோ மறைப்பாக இருந்தால் நல்லது. வாசல் பக்கம் ஐந்து மில்லிமீற்றர் சரிவாக இருந்தால் உள்ளே போன நீர் தானே வடியும். ஒழுங்கைக்குப் பதினைந்து அடி உள்ளே, நடமாட்டத்துக்கு எதிர்ப்பக்கம் வாசல் பார்க்கட்டும். இரவில் எரியும் மின்குமிழுக்குக் கீழே வேண்டாம். வெளிச்சத்துக்கு வந்து விழுந்து சாகும்.

மற்றச் சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். முகவலை கறுப்பு வலை, பார்வை தெளிவு, நல்லது. வெள்ளை வலை கண்ணைக் கூசும். கையுறை தடித்த தோல். அதைப் போட்டுக்கொண்டு சிறிய சட்டத்தைத் தூக்கினால் தேனீ நசுங்கும், நசுங்கிய தேனீயின் வாசத்துக்கு மற்றவை கொட்ட வரும். மெல்லிய றப்பர் கையுறை போதும். புகைக்குடுவையின் துருத்தி உறுதியானது. காய்ந்த தும்பை இறுக்கி அடைத்துப் பற்றவைத்து, வெள்ளையாய்க் குளிர்ந்த புகை வரும்போது வாசலில் இரண்டு ஊது, மூடியைத் தூக்கி ஒரு ஊது. அதற்கு மேல் வேண்டாம். அதிகம் புகைத்தால் நாட்டுத் தேனீ அடங்காது. வதை முழுக்க ஓடித் திரிந்து ராணியையும் மறைத்துவிடும். தேன் பிரிக்கும் இயந்திரத்தை ஒற்றைப் பெட்டிக்காக வாங்குவது வீண். நாலைந்து பெட்டிக்காரர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். வாங்கினால் துருப்பிடிக்காத உருக்கில் வாங்குங்கள். தேன் அமிலம் உள்ள பொருள். நாகம் பூசிய தகரத்தில் பட்டால் நாகம் கரைந்து தேனில் சேரும். பட்டறை காட்டும் இயந்திரம் நாகத் தகரம்.

கொட்டு வாங்கினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். நேரம் போகப் போக நஞ்சு கூட இறங்கும். மூச்சு இறுகினாலோ உடம்பு முழுக்கத் தடித்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனிக் கூட்டம். பட்டறை கூட்டத்தைத் தானே வளர்ப்பதில்லை, பொந்தில் இருந்து எடுத்துச் சட்டத்தில் கட்டித் தருகிறது. முறை சரியாகத்தான் இருக்கிறது: பொழுதுபடும் நேரம், புழு உள்ள வதையை மட்டும் வெட்டி, மேல் விளிம்பு மேலாகவே இருக்கும்படி சட்டத்தில் பொருத்தி வாழைநாரால் கட்டுகிறார்கள். சில நாளில் தேனீக்கள் வதையைச் சட்டத்தோடு ஒட்டிவிட்டு நாரைக் கடித்து வெளியே போடும். தேன் வதையைக் கட்டுவதில்லை. பாரத்தில் அறுந்து விழும், ஒழுகும் தேனுக்கு எறும்பும் வரும்.

ஆனால் கட்டிய அன்றே கையில் தருகிறார்கள். அது பிழை. குறைந்தது மூன்று கிழமை அவர்களிடமே இருந்து, ராணி முட்டையிட்டு, புதுப் புழுக்களின் அறைகளை மெழுகால் மூடிய பிறகே வாங்க வேண்டும். வாங்கும்போது நாலு சட்டமாவது இரு பக்கமும் தேனீயால் மூடியிருக்க வேண்டும். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று வதையைச் சரித்து அறையின் அடியைப் பாருங்கள். ஒரு அறைக்கு ஒரு முட்டை, நடுவில், நட்ட ஊசி மாதிரி நிற்க வேண்டும். ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை ஓரமாகக் கிடந்தால் ராணி இல்லை, வேலைக்காரத் தேனீ முட்டையிடுகிறது. அந்தக் கூட்டத்தை வாங்காதீர்கள். சில மூடிகள் கூம்பாக உயர்ந்து நடுவில் ஊசித்துளையோடு இருந்தால் பயப்பட வேண்டாம். அது ஆண் தேனீ அறை. நாட்டுத் தேனீக்கு அப்படித்தான் இருக்கும்.

பயப்பட வேண்டியது வேறொன்று. மூடாத அறையில் நிமிர்ந்து கிடக்கும் புழுவின் தலை நுனி படகு முனை போல வளைந்து, ஊசியால் தூக்கினால் நீர்ப்பை மாதிரி வந்தால் அது பைப்புழு நோய். 1991, 92இல் தென்னிந்தியாவில் இது பரவி நாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. வைரஸ் நோய், மருந்து கிடையாது. அப்படி ஒரு வதையைக் கண்டால் அந்தப் பட்டறையில் அன்று எந்தக் கூட்டத்தையும் வாங்காமல் திரும்புங்கள்.

கூட்டத்தை இரவில், வாசலை வலைத்துணியால் மூடிக் கொண்டு வாருங்கள். எடுத்த இடம் இரண்டு கிலோமீற்றருக்கு உள்ளே என்றால் வெளியே போகும் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். வந்த முதல் கிழமை ராணிக் கதவைப் போட்டு வைக்கலாம். வேலைக்காரத் தேனீ நுழையும், ராணியால் வெளியேற முடியாது. தொகுதியில் ராணிக் கதவு இல்லை. கேட்டு வாங்குங்கள்.

கைநூலுக்கு வருவோம். பதினாறு பக்கம், படங்கள் தெளிவு, தமிழும் நல்ல தமிழ். உள்ளடக்கம் மழை குறைந்த நாட்களுக்கு எழுதியது போல இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும். அந்த நாட்களில் தேனீ வெளியே போகாது, போனாலும் பூவில் தேன் கழுவுப்பட்டிருக்கும். அப்போது தேன் அறையைக் கழற்றி எடுத்து, கூட்டத்தைப் புழு அறைக்குள் ஒடுக்கி, சீனிப்பாகு கொடுக்க வேண்டும். இதைப் பற்றிக் கைநூலில் ஒரு வரிதான்: “மழைக்காலத்தில் பனங்கட்டிப் பாகு வைக்கலாம்.” வைக்கக் கூடாது. பனங்கட்டியிலும் சிவப்புச் சீனியிலும் உள்ள உப்புச் சத்துகள் தேனீக்குச் செரிக்காது. மழைக்கு அடைபட்டு உள்ளேயே இருக்கும் நாளில் வயிற்றோட்டம் வந்து பெட்டிக்குள்ளேயே கழிக்கும்.

வெள்ளைச் சீனி 500 கிராம், தண்ணீர் 500 மில்லிலீற்றர். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்த பிறகு சீனியைப் போட்டுக் கரையுங்கள். அடுப்பிலேயே வைத்துக் காய்ச்சிப் பாகு சிவந்தால் அது தேனீக்கு நஞ்சு. முக்கால் லீற்றருக்கு மேல் வரும். நன்றாக ஆறியதும் மூடியில் மூன்று நாலு ஊசித்துளை இட்ட போத்தலில் 200 மில்லிலீற்றர் ஊற்றி, சட்டங்களின் மேல் கவிழ்த்து வையுங்கள். கிழமைக்கு இரண்டு தடவை, பொழுதுபட்ட பிறகு. பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ அயற்கூட்டங்கள் கொள்ளையடிக்க வரும்; பலவீனமான கூட்டம் அதிலேயே அழிந்துவிடும். திறந்த கிண்ணத்தில் வைப்பதென்றால் ஈர்க்குத் துண்டுகளை மிதக்க விடுங்கள், இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும். மழை நாளில் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டாம். பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் பாரத்திலேயே உள்ளிருப்புத் தெரியும்.

கைநூலின் இன்னொரு பிழை கண்டிக்கத் தக்கது. மெழுகு அந்து வராமல் இருக்கப் பெட்டிக்குள் பூச்சி உருண்டை போடச் சொல்கிறது. அந்த நஞ்சு மெழுகில் ஊறித் தேனுக்கு வரும். பிள்ளைகள் தின்னும் தேன் அது. கழற்றிய தேன் அறை வதைகளைப் பொலித்தீனில் சுற்றி ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு நாள் வைத்தால் அந்தின் முட்டையும் புழுவும் செத்துவிடும். பிறகு அதே பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி வைக்கலாம். உண்ணிக்கு மருந்து போடச் சொல்வதும் தேவையில்லாதது. வரோவா உண்ணி நாட்டுத் தேனீயோடு நெடுங்காலம் வாழ்ந்தது. இந்தத் தேனீக்கள் அதை ஒன்றின் மேல் இருந்து மற்றது பொறுக்கிக் கடித்துப் போடும்.

தேன் எடுப்பது பற்றிய பக்கம் நன்றாக இருக்கிறது. தேன் அறையில் முக்கால்வாசி மெழுகால் மூடிய சட்டத்தை மட்டும் எடுக்க வேண்டும், புழு அறையைத் தொடக் கூடாது என்கிறது. சேர்க்க வேண்டியது, கம்பி இல்லாத இளம் வதையை மெதுவாகச் சுழற்ற வேண்டும் என்பதும், வடித்த தேனை இரண்டு நாள் தெளிய விட்டு நுரையை அகற்றுவதும். காய்ச்ச வேண்டாம். 750 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றில் ஏறத்தாழ ஒரு கிலோத் தேன் பிடிக்கும். ஒரு பெட்டியில் இருந்து பட்டறை சொல்லும் “வருடம் இருபது போத்தல்” நாட்டுத் தேனீக்குப் பொருந்தாத பேச்சு. முதல் வருடம் மூன்று நாலு போத்தல் கிடைத்தால் திருப்தி கொள்ளலாம். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஒரு துளித் தேனும் தீத்தக் கூடாது என்பதைக் கைநூலின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். இல்லை.

தேனை மட்டும் சொல்லி விற்பதுதான் இந்தப் பட்டறையின் பெரிய தவறு என்று படுகிறது. தோட்டக்காரருக்குப் பெட்டியின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. பூசணி, வெள்ளரி, பாவல், வத்தகை எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தம் பிசுபிசுத்துப் பாரமானது, காற்று தூக்காது. விடியலில் விரியும் பூ முற்பகலோடு வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு பெண் பூவுக்குத் தேனீ பல தடவை வந்து போக வேண்டும். வராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். குறைவாக வந்தால் ஒரு பக்கம் சூம்பிய காய் வரும். உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் யூரியா போடுகிறவர்கள் உண்டு. குறை பூவில் இருக்கிறது. எட்டுப் பரப்புப் பூசணிக்கோ வெள்ளரிக்கோ ஒரு பலமான பெட்டி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தென்னையில் ஒரே பாளையில் ஆண் பூ முதலில் முடிந்து பெண் பூ பிறகு விரிவதால் அடுத்த மரத்து மகரந்தத்தைத் தேனீ கொண்டு வருவது பெரிய உதவி. வெங்காய விதை எடுப்பவர்களுக்கும் அப்படியே.

எல்லாப் பயிருக்கும் பெட்டி வேண்டும் என்று சொல்வது நேர்மையல்ல. புடோலும் பீர்க்கும் சுரையும் பொழுதுபட விரிபவை, அவற்றின் விருந்தாளி அந்துப்பூச்சி. மாம்பூவுக்கு ஈக்கள் பெரும்பங்கு செய்கின்றன. சணற்பூவை அழுத்தித் திறக்கப் பெருவண்டு வேண்டும். வாழைப்பூவில் தேனீ மொய்ப்பது தன் சாப்பாட்டுக்கு. நம் கதலியும் இதரையும் தேனீ இல்லாமலே குலை தள்ளும்.

பெட்டி வாங்கி வைத்தும் பலனில்லாமல் போவதற்கு வளவுக்கு வெளியே உள்ள காரணம் மருந்து. இந்தத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே பறக்கும். அந்தச் சுற்றளவில் வலிகாமத்தில் எத்தனை தோட்டம் என்று எண்ணிப் பாருங்கள். மிளகாயிலும் வெண்டியிலும் சாறுறிஞ்சிக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட், பிப்ரோனில் போன்றவை தேனீக்குக் கொடிய நஞ்சு. காலையில் அடித்தால் அன்றே வாசலில் நாக்கை நீட்டி நடுங்கிக் கிடக்கும். தூள் மருந்து இன்னும் மோசம். மகரந்தத்தோடு சேர்த்து உள்ளே கொண்டு போய்ப் புழுவுக்கும் ஊட்டிவிடும். பூத்து நிற்கும் பயிருக்கு அடிக்காமல் இருப்பது முதல் வழி. அடித்தே ஆக வேண்டுமென்றால் மாலை ஐந்தரைக்குப் பிறகு. அயல் தோட்டக்காரர் முதல்நாளே சொன்னால், இரவில் வாசலை வலையால் மூடி, நிழலும் தண்ணீரும் கொடுத்து அடுத்த ஒரு பகல் பெட்டியை அடைத்து வைக்கலாம். இதற்காகவே அயலவரோடு பேசி வையுங்கள், தேன் எடுத்தால் ஒரு சிறு போத்தல் கொடுங்கள்.

கள்ளு, கருப்பநீர் முட்டிகளும் கோடையில் பெருந்தொகையான தேனீயைப் பலி வாங்கும். முட்டி வாயில் சிறுகண் வலைத்துணியைக் கட்டினால் தேனீயும் பிழைக்கும், நீரும் சுத்தம். சீவல் தொழிலாளரிடம் துணியையும் நாமே வாங்கிக் கொடுத்துக் கேட்கலாம்.

வளவில் முருங்கை, தென்னை, வேம்பு இருந்தால் அடிப்படைச் சாப்பாடு உண்டு. வேப்பம்பூ வடகத்துக்குப் பூக் கூட்டும் காலந்தான் கூட்டத்துக்கும் நல்ல காலம். துளசியைப் பூக்க விடுங்கள். வேலியடியில் தானாக முளைக்கும் மூக்குத்திப்பூண்டைச் சுத்தம் என்று சொல்லிச் செருக்கித் தள்ளாதீர்கள். வேறு பூ இல்லாத நாளில் அதுவே சோறு. மண்சட்டியில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு, இரண்டு நாளுக்கு ஒரு தடவை கவிழ்த்து மாற்றுங்கள்.

விற்பனைக்குப் பிறகு பட்டறையின் சேவை நல்லது. மூலை பிரிந்தால் காசில்லாமல் சரி செய்து தருகிறார்கள், சட்டம் தனியாகவும் தருகிறார்கள். தேனீ பற்றிய கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. அதற்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள மாவட்ட விவசாயப் பயிற்சி நிலையத்தில் கேட்கலாம். விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்பு அபிவிருத்திப் பிரிவு பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் இருக்கிறது.

வாங்குவதென்றால் மார்கழியில் பெட்டியை மட்டும் எடுத்து, சட்டங்களைச் சீவி, காற்றாட வையுங்கள். கூட்டம் தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு. பட்டறையில் பேசும்போது மெழுகுத் தாளும் தோல் கையுறையும் வேண்டாம் என்று சொல்லி, அந்தக் காசுக்கு ராணிக் கதவு ஒன்றும் மேலதிக தேன் அறை ஒன்றும் கேளுங்கள். சட்டத்தின் நடுவில் இருந்து நடுவுக்கு 31 மில்லிமீற்றர் என்று ஒரு துண்டில் எழுதி ஓடாவியாரின் கையிலேயே கொடுங்கள், பென்சிலையும் கொண்டு போங்கள்.